இரட்டை டர்போ சுப்ராவில் கீழ் வேகத்தில் பூஸ்ட் ஏறவில்லையா? டர்போவைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

4,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) தாண்டியதும் வழக்கம்போல் சீறிப் பாய்கிற கார், அதற்குக் கீழே டர்போவே இல்லாத எஞ்சினைப் போல மந்தமாக இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பலரும் உடனே எடுக்கும் முடிவு, "டர்போ போய்விட்டது" என்பதுதான். வரிசை முறையில், அதாவது முதலில் ஒரு டர்போ, வேகம் ஏறியதும் இரண்டும் என்று இயங்கும் இரட்டை டர்போ எஞ்சின்களில் இந்த முடிவு பெரும்பாலும் தவறாகவே இருக்கும். அங்கே டர்போக்களைவிட அதிகமாகப் பழுதாவது, அவற்றுக்கு இடையே திறந்து மூடும் கதவுகளும், அக்கதவுகளை இயக்கும் சிறு ஹோஸ்களும்தான். மூடியிருக்க வேண்டிய நேரத்தில் எந்தக் கதவு மூடவில்லை என்பதைக் கண்டுபிடிக்கும் வேலையைத்தான் இந்த வழிகாட்டி படிப்படியாக விளக்குகிறது.

எடுத்துக்கொண்டிருக்கும் எஞ்சின், 1993 முதல் 2002 வரை தயாரான டொயோட்டா சுப்ரா ஏ80 காரின் 2ஜேஇசட்-ஜிடிஇ. மாஸ்டா ஆர்எக்ஸ்-7, சுபாரு லெகசி ஆகியவற்றின் அக்கால இரட்டை டர்போ எஞ்சின்களும் வரிசை முறையில்தான் இயங்குகின்றன. ஆனால் அவற்றின் வால்வுகளும் ஹோஸ் அமைப்பும் வேறு என்பதால், இங்குள்ள தர்க்கம் பொருந்துமே தவிர, ஒவ்வொரு செய்முறையும் அப்படியே பொருந்தாது. பிஎம்டபிள்யூவின் என்54 போன்ற எஞ்சின்களில் இரண்டு டர்போக்களும் தொடக்கத்திலிருந்தே சமமாகச் சுழல்வதால், அவற்றுக்கு இந்த வழிமுறை உதவாது.

கீழ் வேகத்தில் என்ன நடக்க வேண்டும்

இந்த எஞ்சினின் ஆறு சிலிண்டர்களிலிருந்தும் வரும் புகைவாயு ஒரே மேனிஃபோல்டில் சேர்கிறது. அதிலிருந்து இரண்டு டர்போக்களுக்கும் வழி உண்டு. ஆனால் இரண்டாவது டர்போவின் டர்பைனை, அதாவது புகைவாயு சுழற்றும் சக்கரத்தை, தாண்டிய இடத்தில் எக்ஸாஸ்ட் கண்ட்ரோல் வால்வு என்ற கதவு இருக்கிறது. கீழ் வேகத்தில் அது மூடியிருப்பதால், வெளியேற வழியில்லாத புகைவாயு முழுவதும் முதல் டர்போ வழியாகவே போயாக வேண்டும். ஆறு சிலிண்டர்களின் வாயுவும் ஒரே சிறிய டர்பைனைச் சுழற்றுவதால்தான் 2,000 ஆர்.பி.எம். அளவிலேயே பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம், கிடைக்கிறது.

காற்று உள்ளே வரும் பக்கத்திலும் இதே ஏற்பாடு உண்டு. இரண்டாவது டர்போவில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரஸருக்குப் பிறகு இன்டேக் ஏர் கண்ட்ரோல் வால்வு இருக்கிறது. அதை ஒட்டி, காற்றை ஒரு திசையில் மட்டும் விடும் ரீட் வால்வு ஒன்றும் இருக்கிறது. முதல் டர்போ அழுத்திய காற்று, சும்மா இருக்கும் இரண்டாவது டர்போ வழியாகப் பின்னோக்கித் தப்பிவிடாமல் இவ்விரண்டும் தடுக்கின்றன.

வேகம் 3,500 ஆர்.பி.எம். அளவை நெருங்கும்போது எக்ஸாஸ்ட் பைபாஸ் வால்வு என்ற மூன்றாவது கதவு சற்றே திறந்து, இரண்டாவது டர்போவை முன்கூட்டியே சுழலவிடுகிறது. சுமார் 4,000 ஆர்.பி.எம்.-இல் பெரிய கதவுகள் இரண்டும் திறந்து, இரு டர்போக்களும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்குகின்றன. முதல் டர்போவில் உள்ள வேஸ்ட்கேட், மிகையான புகைவாயுவை டர்பைனைத் தொடாமல் வெளியேற்றி, மொத்த பூஸ்டையும் கட்டுப்படுத்துகிறது. ஒவ்வொரு கதவுக்கும், ராட் எனப்படும் தண்டைத் தள்ளி அதை இயக்கும் ஓர் ஆக்சுவேட்டரும், அதற்குக் காற்றழுத்தத்தை அனுப்பவோ நிறுத்தவோ ஒரு சொலினாய்டு வால்வும் உண்டு.

நினைவில் வைக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இக்கதவுகளை மூடி வைத்திருப்பது ஸ்பிரிங்; திறப்பது காற்றழுத்தம். எனவே அழுத்தம் தரும் ஹோஸ் கழன்று போனால் பெரிய கதவுகள் திறக்காமல் போகும். அதனால் பாதிக்கப்படுவது மேல் வேகமே தவிர, கீழ் வேகம் அல்ல. கீழ் வேகத்தில் பூஸ்ட் குறைகிறதென்றால், ஒன்று கதவு திறந்த நிலையில் சிக்கியிருக்க வேண்டும், அல்லது தேவையில்லாத நேரத்தில் அதற்கு அழுத்தம் போய்ச் சேர வேண்டும், அல்லது காற்று வேறெங்கோ கசிய வேண்டும். பலர் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், கண்ணில் படும் ஹோஸ்களையெல்லாம் மாற்றிவிட்டு, பிரச்சினை அப்படியே இருப்பதைக் கண்டு சோர்ந்துபோகிறார்கள்.

முதல் படி: மீட்டரைப் பொருத்தி, எண்களை எழுதுதல்

இருக்கையில் முதுகு அழுந்துவதை வைத்து பூஸ்டை மதிப்பிடக் கூடாது. இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து நேரடியாக ஒரு டீ இணைப்பு எடுத்து, சாதாரண மெக்கானிக்கல் பூஸ்ட் மீட்டரைப் பொருத்துங்கள். ஆக்சுவேட்டர்களுக்குப் போகும் ஹோஸில் இணைத்தால், சொலினாய்டு இயங்கும்போதெல்லாம் முள் ஆடி உங்களைக் குழப்பும்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, போக்குவரத்து இல்லாத பாதுகாப்பான சாலையிலோ டைனோ எனும் உருளைச் சோதனை மேடையிலோ, மூன்றாவது கியரில் 2,000 ஆர்.பி.எம்.-இலிருந்து ஆக்சிலரேட்டரை முழுமையாக அழுத்தி 5,000 வரை போங்கள். ஓட்டுபவர் மீட்டரைப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் 2,500, 3,000, 3,500, 4,500 ஆகிய புள்ளிகளில் உள்ள அளவை எழுதட்டும், அல்லது கைபேசியில் படம்பிடிக்கட்டும். மாற்றங்கள் செய்யப்படாத, நல்ல நிலையில் உள்ள காரில் 3,000-க்குள் பூஸ்ட் ஏறக்குறைய 0.7 முதல் 0.8 பார் வரை வந்துவிடும். 4,000-ஐ ஒட்டி முள் ஒரு நொடி சற்று இறங்கி மறுபடி எழும். இந்தச் சிறு இறக்கம் குறை அல்ல. இரண்டாவது டர்போ உள்ளே நுழைவதற்கான அடையாளம்.

இப்போது நீங்கள் எழுதிய எண்களைப் பாருங்கள். கீழே குறைவாகவும், 4,000-க்கு மேல் சரியாகவும் இருந்தால், சந்தேகம் இரண்டாவது டர்போவைச் சுற்றியுள்ள கதவுகள் மீதுதான் விழ வேண்டும். ஏனெனில் 4,000-க்கு மேல் அவை எப்படியும் திறந்திருக்க வேண்டியவை, ஆகவே அங்கே குறை மறைந்துவிடுகிறது. கீழிருந்து மேல்வரை எல்லா இடத்திலும் குறைவாக இருந்தால், வேஸ்ட்கேட், பெரிய காற்றுக் கசிவு, அடைபட்ட கேட்டலிடிக் கன்வெர்டர் ஆகியவற்றைத் தேடுங்கள். ஆனால் சிறிய கசிவு ஒன்று இந்தப் பிரிவை ஏமாற்றக்கூடும்: காற்றோட்டம் குறைவாக உள்ள கீழ் வேகத்தில் கசிவு பெரிதாகத் தெரியும், மேல் வேகத்தில் டர்போக்கள் அதை ஈடுகட்டிவிடும். அதனால்தான் கதவுகளைத் தொடும் முன் கசிவுச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

பூஸ்ட் எந்த விதத்தில் குறைகிறது என்பதையும் கவனியுங்கள். 3,000 வரை ஒன்றுமே இல்லாமல், பிறகு மெதுவாக ஏறி, 4,000-இல் அந்தச் சிறு இறக்கம்கூட இல்லாமல் நேராகப் போனால், எக்ஸாஸ்ட் கண்ட்ரோல் வால்வு எப்போதும் திறந்திருக்கிறது என்பதற்கு அது வலுவான அறிகுறி. மாறாக, பூஸ்ட் உரிய நேரத்தில் வரத் தொடங்கி, 0.3 அல்லது 0.4 பாரில் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிட்டால், எக்ஸாஸ்ட் பைபாஸ் வால்வோ வேஸ்ட்கேட்டோ சீக்கிரம் திறக்கிறது.

இரண்டாம் படி: கணினி சொல்வதைக் கேட்டல்

பழைய ஜப்பானிய மாடல்களில் பானெட்டுக்கு அடியில் உள்ள டயக்னாசிஸ் பெட்டியில் டி.இ.1, இ1 என்ற இரண்டு முனைகளை ஒரு சிறு வயரால் இணைத்து, சாவியை ஆன் நிலையில் வைத்தால், செக் எஞ்சின் விளக்கு கண்சிமிட்டும். ஒரே சீராகச் சிமிட்டிக்கொண்டே இருந்தால் பதிவான கோளாறு எதுவும் இல்லை. மூன்று முறை சிமிட்டி, சற்று நின்று, நான்கு முறை சிமிட்டினால் அது 34. பூஸ்ட் அழுத்தத்தில் கோளாறு. 35 வந்தால் அழுத்த சென்சாரின் சர்க்யூட்டைப் பாருங்கள். 52, 55 இரண்டும் சிலிண்டருக்குள் எரிபொருள் தட்டி வெடிப்பதை உணரும் நாக் சென்சார்களுக்கு உரியவை. அவை பழுதானால் கணினி எச்சரிக்கையாகி இக்னிஷனைப் பின்தள்ளும், கார் மந்தமாகும், ஆனால் டர்போக்கள் மீது எந்தக் குற்றமும் இருக்காது.

கோட் எதுவும் வரவில்லை என்பதால் கதவுகள் சரியாக உள்ளன என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கதவு எந்த நிலையில் நிற்கிறது என்பதைக் கணினி பார்ப்பதில்லை. கட்டளை அனுப்பியதோடு அதன் வேலை முடிகிறது.

மூன்றாம் படி: காற்றுக் கசிவு

ஏர் ஃபில்டருக்குப் பிறகு வரும் குழாயின் வாயை ஒரு மூடியால் அடைத்து, அதில் பொருத்திய டயர் வால்வு வழியாக, கேரேஜில் உள்ள காற்று கம்ப்ரஸரின் காற்றை மெதுவாக விடுங்கள். 0.3 பாரில் தொடங்கி, 0.7-க்கு மேல் போகாமல் நிறுத்திக்கொள்ளுங்கள். சோப்புத் தண்ணீரை இன்டர்கூலர் ஹோஸ்களின் கிளாம்புகள், த்ராட்டில் பாடி கேஸ்கெட், காற்றுப் பக்கத்து பைபாஸ் வால்வின் ஹோஸ், இன்ஜெக்டர் சீல்கள் ஆகியவற்றின் மேல் தெளித்துப் பாருங்கள். காற்று சைலன்சர் வழியாக வந்தால், ஏதோ ஒரு சிலிண்டரில் இரண்டு வால்வுகளும் ஒருசேரத் திறந்திருக்கின்றன என்று பொருள். கிராங்கைச் சற்றுத் திருப்பினால் நின்றுவிடும்.

இன்டர்கூலரின் கீழ்ப்பக்க ஹோஸ்களை மேலிருந்து பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். வெளிப்பக்கம் புதிதுபோல் இருந்து, கிளாம்பு கடித்த இடத்தில் அடிப்புறம் மட்டும் கிழிந்த ரப்பர்கள் இந்த வயதுக் கார்களில் சர்வசாதாரணம். எண்ணெய்க் கசிவோடு தூசி படிந்து கருத்திருக்கும் இடம், கசிவு இருக்கும் இடமாகவே பெரும்பாலும் இருக்கும்.

இந்தச் சோதனையில் ஒரு பொறி உண்டு. அனுபவம் உள்ளவர்களும் இதில் விழுகிறார்கள். ஃபில்டருக்குப் பின்னால் குழாய் இரண்டாகப் பிரிந்து இரண்டு டர்போக்களுக்கும் போகிறது. அங்கிருந்து அழுத்தம் கொடுத்தால், இன்டேக் ஏர் கண்ட்ரோல் வால்வின் இரு பக்கமும் ஒரே அழுத்தம் இருக்கும். வால்வு திறந்தே கிடந்தாலும், ரீட் வால்வின் இதழ் முறிந்திருந்தாலும், சோதனையில் ஒரு குமிழிகூட வராது. "கசிவு இல்லை" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆகையால், இரண்டாவது டர்போவின் காற்று நுழையும் குழாயைக் கழற்றி, முதல் டர்போவின் பக்கம் மட்டும் அழுத்தம் கொடுத்து இன்னொரு முறை சோதியுங்கள். கழற்றிய டர்போவின் வாயில் உள்ளங்கையை வைத்தால் காற்று வீசக் கூடாது. தொடர்ந்து வீசினாலோ, கம்ப்ரஸர் சக்கரம் மெல்லச் சுழன்றாலோ, குற்றவாளி கிடைத்துவிட்டது. வால்வின் பட்டாம்பூச்சித் தட்டு முழுமையாக மூடுகிறதா, ரீட் வால்வின் மெல்லிய இதழ்கள் முழுதாக உள்ளனவா என்று கழற்றிப் பாருங்கள். இதழ் ஒன்று காணாமல் போயிருந்தால், அது எங்கே போனது என்பதை இன்டர்கூலர் வரை தேடாமல் எஞ்சினை இயக்க வேண்டாம்.

நான்காம் படி: எக்ஸாஸ்ட் பக்கத்துக் கதவுகள்

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, எக்ஸாஸ்ட் கண்ட்ரோல் வால்வின் ஆக்சுவேட்டரில் உள்ள ஹோஸைக் கழற்றிவிட்டு, கைப்பம்பால் சிறிது சிறிதாக அழுத்தம் கொடுங்கள். ராட் தடங்கலின்றி நகர வேண்டும். அழுத்தத்தை விட்டதும் ஸ்பிரிங்கின் வேகத்தில் பழைய இடத்துக்கே திரும்பி நிற்க வேண்டும். திரும்பும்போது கடைசி சில மில்லிமீட்டர் தயங்கினால், தண்டில் கரி படிந்திருக்கிறது. கதவு அந்தச் சிறு இடைவெளி அளவு திறந்திருந்தாலும் கீழ் வேக பூஸ்டில் தெளிவாகத் தெரியும். பம்பின் முள் நிலையாக நிற்காமல் இறங்கினால் டையஃப்ரம் கிழிந்திருக்கிறது. ஆனால் அது மேல் வேகத்தைக் கெடுக்கும் குறை, நம் புகாருக்குக் காரணம் அல்ல.

ராட் சரியாக நகர்வதால் உள்ளே கதவும் சரியாக நகர்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தண்டுக்கும் தட்டுக்கும் உள்ள பிணைப்பு தேய்ந்திருந்தால், வெளியே ராட் ஆடும், உள்ளே தட்டு பாதியில் நிற்கும். சந்தேகம் இருந்தால் டர்போவுக்கு அடுத்து வரும் எக்ஸாஸ்ட் குழாயான டவுன்பைப்பைக் கழற்றி, விளக்கு அடித்து நேரில் பாருங்கள். அலுப்பூட்டும் வேலைதான், டர்போவைக் கழற்றுவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

நான் பார்த்த ஒரு கார் இங்கே நினைவுக்கு வருகிறது. இரண்டு இடங்களில் "முதல் டர்போ தேய்ந்துவிட்டது" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றியதும், எக்ஸாஸ்ட் கண்ட்ரோல் வால்வின் ராட் கம்பியால் இறுக்கக் கட்டப்பட்டிருந்தது தெரிந்தது. முன்பு வைத்திருந்தவர், இரண்டு டர்போக்களும் எப்போதும் சேர்ந்து இயங்கட்டும் என்று செய்த மாற்றம் அது. வாங்கியவருக்கு யாரும் சொல்லவில்லை. கம்பியை வெட்டி, ஹோஸை இணைத்த அன்றே 2,500-இல் முள் எழுந்தது. இந்த மாற்றம் ஏ80 உரிமையாளர்களிடையே பரவலாக இருந்த ஒன்று என்பதால், பழைய கார் வாங்கியவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும் என்பேன்.

ராட் ஓடும் காரில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அறிய, எளிய தந்திரம் ஒன்று இருக்கிறது. மெல்லிய செம்புக் கம்பியை ராட்டைச் சுற்றி ஒரு வளையமாக, தள்ளினால் நகரும் அளவு இறுக்கத்தில் முறுக்கி, ஆக்சுவேட்டர் பிராக்கெட்டை ஒட்டி நிறுத்துங்கள். பிளாஸ்டிக் டை அந்த வெப்பத்தில் உருகிவிடும். பிறகு 3,000 ஆர்.பி.எம்.-ஐத் தாண்டாமல், முழு ஆக்சிலரேட்டரில் இரண்டு மூன்று முறை இழுத்துவிட்டு வந்து பாருங்கள். வளையம் இருந்த இடத்திலேயே இருந்தால் ராட் அசையவில்லை. தள்ளப்பட்டிருந்தால், மூடியிருக்க வேண்டிய நேரத்தில் யாரோ அதற்கு அழுத்தம் அனுப்புகிறார்கள். அந்த "யாரோ" சொலினாய்டு அல்லது இடம் மாற்றிப் போட்ட ஹோஸ். எக்ஸாஸ்ட் பைபாஸ் வால்வின் ராட்டிலும் இதே சோதனையைச் செய்யலாம்.

வேஸ்ட்கேட்டைப் பொறுத்தவரை, அழுத்தம் இல்லாதபோது அதன் நெம்புகோலைக் கையால் அசைத்துப் பாருங்கள். தளர்ந்து ஆடினால், அது மூட வேண்டிய துளையில் சரியாக அமரவில்லை.

ஐந்தாம் படி: சொலினாய்டுகளும் ஹோஸ்களும்

ஒவ்வொரு சொலினாய்டையும் கழற்றி, மல்டிமீட்டரால் மின்தடையை அளந்து, சர்க்யூட் அறுந்தோ ஷார்ட் ஆகியோ இல்லை என்று உறுதிசெய்யுங்கள். 12 வோல்ட் கொடுத்தால் "டிக்" என்ற ஒலி கேட்க வேண்டும். ஒலியோடு நிறுத்தாதீர்கள்: மின்சாரம் இல்லாதபோதும் உள்ளபோதும் எந்த வாயிலிருந்து எந்த வாய்க்குக் காற்று போகிறது என்று ஊதிப் பாருங்கள். டிக் என்று ஒலித்தும், உள்ளே கரித்தூள் சிக்கி முழுமையாக மூடாத சொலினாய்டு, பூஸ்ட் எழுந்த மறுகணமே ஆக்சுவேட்டருக்கு அழுத்தத்தைக் கசியவிட்டு, கதவை நேரத்துக்கு முன்பே திறந்துவிடும். எஞ்சின் அறையின் வெப்பத்தில் பழைய ரப்பர் ஹோஸ்கள் பிஸ்கட்போல் முறியும். மாற்றும்போது ஒன்றைக் கழற்றி, அதற்குப் புதியதைப் போட்ட பிறகே அடுத்ததைத் தொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உருவிவிட்டு, புதிய சிலிக்கான் ஹோஸ்களை ஊகத்தில் மாட்டியதால் இல்லாத பிரச்சினையை உண்டாக்கிக்கொண்ட கார்கள் ஏராளம். பானெட்டின் அடியில் ஒட்டப்பட்டுள்ள வெற்றிடக் குழாய் வரைபடத்தோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு

டிராக்ஷன் கண்ட்ரோல் உள்ள மாடல்களில் இரண்டாவது த்ராட்டில் தட்டு ஒன்று உண்டு. அது பாதியில் நின்றாலும் கார் திணறும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக்" என்று ஒலித்து, சூடானதும் மறையும் சத்தம், மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் கசிவு இருப்பதைச் சொல்லும். டர்பைனுக்கு முன்னே வெளியேறும் வாயு எதையும் சுழற்றாது. கம்ப்ரஷனையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 11 கிலோ அளவில் இருக்க வேண்டியது 9-க்குக் கீழே போயிருந்தால், பேச வேண்டியது டர்போவைப் பற்றி அல்ல.

இவை அனைத்தும் சரியாக இருந்தால்தான் முதல் டர்போவைச் சந்தேகிக்க வேண்டும். ஜப்பானிய உள்நாட்டு மாடல்களின் டர்பைன் சக்கரம் செராமிக்கால் ஆனது. ஏற்றுமதி மாடல்களுடையது உலோகம். தொழிற்சாலை அளவைத் தாண்டி பூஸ்டை உயர்த்தி ஓட்டிய காரில் செராமிக் சக்கரம் உடைந்து, துகள்கள் எக்ஸாஸ்டோடு போயிருக்கலாம். அப்போது கீழ் வேகத்தில் பூஸ்ட் குறைவாக அல்ல, ஏறக்குறைய பூஜ்யமாகவே இருக்கும். கம்ப்ரஸர் சக்கரத்தை விரலால் சுழற்றும்போது வழக்கத்துக்கு மாறாக லேசாகச் சுழல்கிறதா, உறையில் உரசுகிறதா, தண்டு பக்கவாட்டில் தாராளமாக ஆடுகிறதா என்று பாருங்கள்.

குறையைச் சரிசெய்த பிறகு, முதல் நாள் போன அதே சாலைக்கு, அதே கியரில், அதே ஆர்.பி.எம். புள்ளிகளோடு மறுபடி போய், புதிய எண்களைப் பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். 3,000-க்குள் முள் தன் இடத்துக்கு வந்து, 4,000-இல் ஒருகணம் தலை குனிந்து நிமிர்ந்தால், கதவுகள் எல்லாம் தத்தம் நேரத்தில் திறந்து மூடுகின்றன.